கேட்டது சாமி, கொடுத்தது அதிமதுரம்

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஏமாந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. இரும்புக் கட்டிலைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அதுதான் என் குரல். எங்கள் பஜனையில் முதலில் என்னைப் பின்பாட்டுப் பாடச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, "நீங்க ஜால்ரா போடுங்க சாமி" என்றார்கள். அதிலும் தாளம் தப்பியதால் சுண்டல் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். சுண்டலில் இன்றுவரை புகார் வந்ததில்லை.

இப்படிப்பட்டவன்தான் முப்பத்து நான்கு வருடம் பாடுகிறவர்களின் தொண்டைக்கு மருந்து கட்டிக் கொடுத்துப் பிழைத்தேன். பெரம்பலூர் கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடை. நான் வைத்தியன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், பொட்டலம் கட்டுகிறவன். ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தராசைக் கையில் பிடித்தால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வைத்தியன் மாதிரித்தான் தெரியும். சில நாள் எனக்கே அப்படித் தெரிந்தது. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கவிதா. நான் நின்ற இடத்தில் இப்போது நிற்கிற பெண். போன வாரம் போன் செய்தாள்.

"அண்ணே, ஒரே தொல்லையா இருக்குண்ணே. வர்றவங்கல்லாம் போனை நீட்டுறாங்க. அதுல ஒரு அம்மா பாடிக்கிட்டே அதிமதுரத்தைக் கடிச்சு மெல்லுது. எனக்கும் அதக் குடுன்றாங்க. எவ்வளவுன்னு கேட்டா, கை நெறைய அள்ளுன்றாங்க."

"குடுக்காத."

"குடுக்கலன்னா சண்டைக்கு வர்றாங்கண்ணே."

"வரட்டும். நான் குடுத்துட்டுப் பட்ட பாடு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதே. எழுதிக் குடுங்க, டப்பா மேல ஒட்டி வைக்கிறேன்."

டப்பாமேல் ஒட்டுகிற அளவுக்குச் சுருக்கமாக எழுத எனக்கு வராது. கவிதா பெரிய டப்பாவாகப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

கடையில் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்து நான்கு. முதல் வருடம் இடித்தேன், தும்மினேன். இரண்டாம் வருடம் சலித்தேன், இன்னும் அதிகமாகத் தும்மினேன். மூன்றாம் வருடம்தான் கல்லாப் பக்கம் நிற்க விட்டார்கள். அன்றைக்கே கைக்குழந்தைக்கு வசம்பு கேட்டு வந்த ஒரு அம்மாவுக்குச் சித்தரத்தையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். முதலாளி டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஓடு" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். துறையூர் பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாக, "வசம்பு கேட்ட அம்மா யாருங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். கண்டக்டர் என்னைப் பிச்சைக்காரன் என்று நினைத்துச் சில்லறையைத் தேடினார். பொட்டலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினேன். என் படிப்பு இவ்வளவுதான். மீதியை நாக்கால் படித்தேன். எந்த வேரையும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்காமல் பொட்டலம் கட்டக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம்.

முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்பார். எங்களை "டேய்" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவரிடம் வேறு வார்த்தை கிடையாது. தொண்டை சரியில்லை என்று யாராவது வந்தால் உடனே டப்பாவைத் திறக்க மாட்டார். பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார். அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். விழுங்கும்போது முகம் சுளிக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் அதுவரை அவர் மரியாதைக்குத் தண்ணீர் கொடுக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு கேள்விகள். எத்தனை நாளாக? காய்ச்சல் உண்டா? எச்சிலில் ரத்தம் தெரிகிறதா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாடுகிறீர்கள்? பிரஷர், சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? குரல் கம்மிப் பதினைந்து நாளைத் தாண்டிவிட்டது என்றால், "எங்கிட்ட இதுக்கு ஒண்ணும் இல்லீங்க. டாக்டர்ட்ட போயி வாயைத் தொறந்து காட்டுங்க" என்று அனுப்பிவிடுவார். கேள்வியெல்லாம் தேறினால்தான் மருந்து. அதிலும் முதல் மருந்து, "ரெண்டு நாளைக்குப் பேசாதீங்க." பாடுகிறவர்களுக்கு அதைவிடக் கசப்பான மருந்து கிடையாது. கிசுகிசு என்றும் பேசக் கூடாது, அது சத்தமாகப் பேசுவதைவிட மோசம் என்பார். கல் உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் காலையும் மாலையும் கொப்பளிக்கச் சொல்வார். இதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் தொண்டைப் பொடி.

அந்தப் பொடியை நான்தான் செய்வேன். சித்தரத்தையை வில்லையாக நறுக்கி நிழலில் காயவைக்க வேண்டும். திப்பிலியை வெறும் சட்டியில் போட்டு, வாசம் எழும்பும்வரை மட்டும் வறுக்க வேண்டும். ஒரு நிமிடம் கூடினால் காரம் போய்க் கசப்புத்தான் மிஞ்சும். வால்மிளகின் காம்பைக் கிள்ளி எடுக்க வேண்டும். அதிமதுரத்தின் மேல்தோலைச் சீவ வேண்டும். உள்ளே மஞ்சளாக, நார்நாராக இருக்கும். நல்ல அதிமதுரம் வாயில் போட்டவுடன் இனிக்காது. முதலில் வெறும் குச்சியைக் கடித்த மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் கழித்து இனிப்பு மெதுவாக வந்து, போக மனமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். தொண்டை வறண்டவனுக்கு அந்த நேரம் சொர்க்கம். எல்லாவற்றையும் தனித்தனியாக இடித்து, வேட்டித் துணியில் சலித்து, கடைசியில் கலக்க வேண்டும். மோதிர விரல் நுனியில் எடுத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்வோம். வெறும் அதிமதுரத் துண்டு கேட்டால், சுண்டுவிரல் நகம் அளவு, ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று நாள். நாலாம் நாள் நிறுத்திவிட வேண்டும். "இனிப்பா இருக்குன்னு மருந்த மிட்டாயாக்கிடாதீங்க" என்பார் முதலாளி.

எங்கள் கடைக்குப் பாடுகிறவர்கள் எல்லா விதத்திலும் வந்தார்கள். கோயிலில் பாடுகிறவர்கள், கல்யாணக் கச்சேரிக்காரர்கள், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஒப்பாரி பாடுகிற ஒரு அம்மா மட்டும் வித்தியாசமானவர். "லேசாக் குடுய்யா. ரொம்பத் தெளிவாக்கிப்புடாத. கொரலு கொஞ்சம் ஒடஞ்சிருந்தாத்தான் எழவு வூட்டுல எடுபடும்" என்பார். அவருக்கு அரை அளவுதான் கொடுப்போம்.

கார்த்திகை பிறந்தால் கதை வேறு. மாலை போட்ட சாமிகள் கடை வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். தினம் சாயங்காலம் ஒவ்வொரு வீடாக ஐயப்பன் பஜனை. கத்திக் கத்திச் சரணம் சொல்லி, பத்தாம் நாளுக்குள் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிடும். நானும் மாலை போடுவேன். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். குருசாமி தங்கராசு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். பகலெல்லாம் வெள்ளைத் தூசியை விழுங்கிவிட்டுச் சாயங்காலம் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்து பாட ஆரம்பித்தால், அந்தக் குரலில் ஒரு தூசி இருக்காது. வீட்டுக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பார்கள். எனக்கு மாலை போட்டுவிட்டவர் அவர்தான். என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் அவர் காலில் விழுந்து கும்பிடுவேன். அதுதான் முறை.

மாலை போட்டவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அவர்களை யாரும் திட்டக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லோரும் சாமி. என் முதலாளி வருடத்தில் பத்து மாதம் என்னை "டேய்" என்பார், இரண்டு மாதம் "சாமி, அந்தக் கடுக்காய் மூட்டையை இறக்குங்க சாமி" என்பார். மூட்டையின் கனம் ஒன்றுதான், ஆனாலும் அந்த இரண்டு மாதத்தில் லேசாகத் தெரியும்.

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன். இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். தங்கராசுக்கு அது பதினெட்டாவது வருடம். பதினெட்டாம் தடவை மலை ஏறுகிறவர் தென்னங்கன்று ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டும். அப்போதுதான் முழுக் குருசாமி. எங்கள் பக்கத்தில் அது ஒரு ஆயுளில் ஒரு தடவை வருகிற காரியம். அந்த வருடம் பஜனைக்குக் கூப்பிட்ட வீடுகளும் அதிகம். நாலாம் நாளே அவருக்குத் தொண்டை வறண்டது. முதலாளி இல்லாத நேரமாகக் கடைக்கு வந்தார்.

"சாமி, கொஞ்சம் அதிமதுரம் குடுங்க சாமி."

வெந்நீர் கொடுக்கவில்லை. கேள்வி கேட்கவில்லை. குருசாமியை உட்காரவைத்து, "உங்களுக்குப் பிரஷர் இருக்கா?" என்று கேட்கலாமா? அபச்சாரம். காலில் விழுந்தேன், ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இரண்டு நாளில் மறுபடி வந்தார். "நல்லாக் கேக்குது சாமி. இன்னும் கொஞ்சம்." கொடுத்தேன். மாலை போட்ட சாமி கேட்டு இல்லை என்று சொன்னால், கேட்டது ஐயப்பன், சொன்னது நான் என்று ஆகிவிடாதா? அவர் ஒரு பொட்டலம் கேட்டால் நான் இரண்டாகக் கட்டினேன். புண்ணியத்தில் எதற்குக் கஞ்சத்தனம்?

காலையில் லாரி எடுக்கும்போது ஒரு துண்டைக் கன்னத்தில் அதக்குவார், வீடு திரும்பும்வரை அது மாறி மாறி ஓடும். தண்ணீர் பாட்டிலிலும் இரண்டு குச்சி ஊறும். சாயங்காலம் பஜனையில் குரல் கணீர் என்று இருக்கும். எல்லோரும் பாட்டைக் கேட்டு மெய்மறந்தார்கள். நான் என் அதிமதுரத்தைக் கேட்டு மெய்மறந்தேன். சுண்டல் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம், "கொரலு எப்பிடி? நம்ம கை மருந்து சாமி" என்று காதில் சொல்வேன்.

மார்கழி பிறக்கப் போகிற சமயம். ஒருநாள் வழக்கம்போல அவர் காலில் விழுந்தேன். பாதம் வீங்கியிருந்தது. நான் தொட்ட இடத்தில் விரல் பதிந்து குழியானது, குழி உடனே நிரம்பவில்லை. செருப்பில்லாமல் நடந்து குருசாமி இப்படிக் கஷ்டப்படுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் குழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மலைக்குக் கிளம்ப நாலு நாள் இருந்தது. காலையில் தங்கராசின் மனைவி செல்வி கடைக்குப் போன் செய்தார்.

"சாமி, அவருக்குக் காலைத் தூக்க முடியலங்க. லாரில ஏறப் போனவரு அப்பிடியே படியில உக்காந்துட்டாரு. ஸ்டியரிங் புடிக்கக் கையில பலமில்லைன்றாரு. நெஞ்சு படபடன்னு அடிக்குதாம். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வர்றோம்."

ஓடினேன். கட்டிலைச் சுற்றி எங்கள் சாமிகள் ஆறு பேர் கறுப்பு வேட்டியில் நின்றார்கள். டாக்டர் சின்ன வயது அம்மா. பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ரத்தத்தில் இருக்க வேண்டிய ஏதோ ஒரு உப்பு பாதிகூட இல்லை என்றார்.

"பிரஷர் மாத்திரை சாப்பிடுறாரா?"

"ரெண்டு வருசமாச் சாப்பிடுறாருங்க" என்றார் செல்வி.

"அதுக்கு மேல வேற மருந்து? நாட்டு மருந்து, லேகியம், பொடி எதுவும்?"

"ஒண்ணுமில்லீங்க. விரதம். ஒரு வேளைச் சோறு, பழம், அவ்வளவுதான்."

"மருந்த கையால தொட மாட்டாருங்க" என்றார் ஒரு சாமி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு அதிமதுரம் மருந்தே இல்லை. அது வேர், இனிப்பு, சாமி காரியம்.

நான் சுவரோடு சுவராக நின்றேன். வாய் திறந்தால் கடையில் வேலை போகும். குழுவில் முகம் போகும். பதினெட்டாம் வருடத்தைக் கெடுத்த பாவி என்று பெயர் வரும். சொல்லாவிட்டால்? காரணம் தெரியாமல் இவர்கள் வைத்தியம் பார்ப்பார்கள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தவுடன் இவர் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. நான் கட்டிய பொட்டலத்தின் நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஐயப்பனைக் கூப்பிட்டேன். அவர் அந்த நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கால்தான் தானாக நகர்ந்தது.

"டாக்டர் சாமி, ஒரு நிமிசம் சாமி."

"நான் சாமி இல்ல. சொல்லுங்க."

என் சட்டைப் பையில் கிடந்த ஒரு அதிமதுரத் துண்டை எடுத்து நீட்டினேன். "இதத்தான் சாப்பிட்டாருங்க."

முகர்ந்து பார்த்தார். "அதிமதுரமா? எவ்வளவு?"

"வாரத்துக்கு ரெண்டு பொட்டலம். அப்பறம் மூணு."

"பொட்டலம்னா?"

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"கார்த்திகை மொத வாரத்துலேருந்து."

"இவ்வளவு யாரு குடுத்தது அவருக்கு?"

"கடையில."

"எந்தக் கடையில?"

"நாந்தாங்க."

அவர் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு எதையோ எழுதச் சொன்னார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இந்த வேர் அளவுக்கு மீறினால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பிரஷரை ஏற்றும். சதைக்கும் இதயத்துக்கும் வேண்டிய இன்னொரு உப்பை வெளியே தள்ளிவிடும். பிரஷர் உள்ளவருக்கு இது ஆகவே ஆகாது. "இன்னும் நாலு நாள் இத மென்னுக்கிட்டு லாரி ஓட்டிருந்தாருன்னா, இல்ல மலை ஏறியிருந்தாருன்னா..." என்றவர் மேலே சொல்லாமல் விட்டுவிட்டார். "இப்பவாச்சும் சொன்னீங்களே. போயி அந்தப் பையை எடுத்துக்கிட்டு வாங்க."

எல்லோர் முன்னாலும் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். தங்கராசு கண்ணைத் திறந்து பார்த்தார். விஷயத்தை நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பதினெட்டாவது வருசம் சாமி" என்றார். அவ்வளவுதான்.

நாலாம் நாள் வேன் அவர் இல்லாமல் கிளம்பியது. நான் போகவில்லை. அவர் எழுந்து நடக்கும்வரை மாலையைக் கழற்றுவதில்லை, போனால் அவரோடுதான் போவது என்று பிள்ளையார் கோயிலில் சத்தியம் செய்துகொண்டேன்.

முதலாளியிடம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மதியமே சொல்லிவிட்டேன். அவர் தராசைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. வாய் "டே" என்று ஆரம்பித்தது. கண் என் கழுத்தில் இருந்த மாலையைப் பார்த்தது. வாய் நின்றது.

"சாமி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "உள்ள போயி உக்காருங்க சாமி."

அதிமதுர டப்பாவைத் தூக்கித் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் அந்த மனிதர் எனக்குக் கொடுத்த மரியாதை இருக்கிறதே, அதைவிட அடித்திருக்கலாம். "சாமி, சாப்பிட்டீங்களா சாமி?" என்பார். ஒவ்வொரு "சாமி"யும் ஒரு கடன் மாதிரி ஏறிக்கொண்டே போனது எனக்குத் தெரிந்தது.

ஐயப்பன் புண்ணியத்தில், வேரை நிறுத்தி மருந்து ஏறியதும் ஒரு வாரத்தில் தங்கராசின் கைகால் வசத்துக்கு வந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால் போகலாம், சத்தம் போட்டுப் பாடக் கூடாது என்றார் டாக்டர். மகர காலத்தில் இரண்டு பேரும் அரியலூரில் ரயில் ஏறினோம். இருமுடி தலையில், தென்னங்கன்று அவர் கையில்.

மலை ஏற்றத்தில் இருபது அடிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். சுற்றிலும் ஆயிரம் பேர் சரணம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். இவர் வாயை மூடிக்கொண்டு ஏறுகிறார். பாடுகிறவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தவர், கன்றை மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"சாமி, நாக்கு ஒட்டுது. ஒரே ஒரு துண்டு வச்சிருக்கீங்களா? சாமி சந்நிதில ஒரு சரணமாச்சும் சொல்லணும் சாமி."

என் தோள் பையில் ஓரமாகப் பழைய துண்டுகள் இரண்டு கிடந்தன. எடுத்துப் போட மறந்திருந்தேன். கேட்கிறவர் குருசாமி. இடம் ஐயப்பன் மலை. வருடம் பதினெட்டு.

"இல்ல சாமி" என்றேன்.

மாலை போட்டுக்கொண்டு நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் என் பையைப் பார்த்தார். எழுந்தார். பதினெட்டாம்படி ஏறினார். கன்றை வைத்தார். சந்நிதியில் அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குச் சரணம் என்று மட்டும் புரிந்தது.

ஊர் திரும்பியதும் மாலையைக் கழற்ற வேண்டும். நான் கழற்றவில்லை. இன்று நாள் சரியில்லை, நாளைக்கு அஷ்டமி என்று தள்ளிக்கொண்டே போனேன். என் மனைவி சரோஜா எட்டாம் நாள் கேட்டுவிட்டாள்.

"மலைக்குப் போயிட்டு வந்தும் மாலையைக் கழட்டாம எந்தச் சாமிக்குப் பயந்துக்கிட்டு இருக்கீங்க?"

"மொதலாளிக்கு."

கடைசியில் தங்கராசே வீட்டுக்கு வந்து கழற்றிவிட்டார். மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கினேன். பாதி ஏறும்போதே உள்ளே போக முடியாதபடி பின்னால் குரல்.

"டேய்!"

ஒன்றரை மாதம் சேர்த்து வைத்த வட்டியும் முதலும். எதிர்க் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள். என் படிப்பு, என் மூளை, என் குரல், பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியது எதையும் விடவில்லை. எல்லாம் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டேன். ஒன்று மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

"தெனம் அவரு கால்ல விழுந்தியேடா. ஒரு நாளாச்சும் அந்தக் காலப் பாத்தியா?"

பார்த்தேன், குழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக மலையில் சொன்ன பொய்யைச் சொன்னேன், அதையாவது மெச்சுவார் என்று.

"இல்லன்னு எதுக்குடா சொன்ன? இருக்கு, குடுக்க மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"குருசாமிகிட்ட எப்பிடிங்க அப்பிடிச் சொல்றது?"

"அவருகிட்டச் சொல்லாம எங்கிட்டயா சொல்லுவ?" என்று சொல்லிவிட்டு அதிமதுர டப்பாவைத் தூக்கி என் பக்கம் தள்ளினார்.

அடுத்த கார்த்திகை. தங்கராசு மாலையோடு வந்து கடை முன்னால் நின்றார். ஆள் தெளிவாக இருந்தார். தொண்டைதான் கரகரவென்றிருந்தது. போகவேண்டிய பஜனை நிறைய இருந்தது. முதலாளி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, கொஞ்சமா ஒரே ஒரு துண்டு. டாக்டரம்மாவுக்குத் தெரியவா போவுது?"

அவர் காலில் விழுந்தேன். விழுந்த இடத்திலேயே பாதத்தை அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை. எழுந்தேன்.

"இருக்கு சாமி. குடுக்க மாட்டேன்."

"என்னது?"

"கொப்பளிங்க. ரெண்டு நாளைக்கு வாயத் தொறக்காதீங்க. பஜனையை வேற சாமிகள் பாத்துக்குவாங்க."

"நான் உங்களுக்கு மாலை போட்ட குருசாமி, சாமி."

"ஆமாங்க சாமி. குடுக்க மாட்டேன்."

"அப்ப எதுக்கு சாமி கடையத் தொறந்து வச்சிருக்கீங்க?" என்று வேட்டியை உதறிக்கொண்டு அவர் போய்விட்டார். முதலாளியின் பேப்பர் முகத்துக்கு மேலே ஏறியது. பேப்பர் குலுங்கியது.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. குருவை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேனே, வேறு கடையில் வாங்கி மென்றுவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு நாள் புழுங்கினேன். மூன்றாம் நாள் காலை கடைக்குப் போன் வந்தது. செல்வி.

"சாமி, அவரு நீங்க சொன்ன மாதிரியே வாயத் தொறக்காம வூட்டுலதான் உக்காந்திருக்காருங்க. கோவத்துலதான் இருக்காரு. நேத்து பிரஷரும் பாத்துட்டோம், சரியா இருக்காம். கொரலும் கொஞ்சம் தேவலையாட்டம் இருக்கு, அப்பப்ப கனைச்சுப் பாத்துக்குறாரு."

"அப்பாடா. அப்ப இன்னிக்கிச் சாயங்காலம் பாட வரச் சொல்லட்டுங்களா?"

"ஐயையோ, வேணாங்க" என்றார் செல்வி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த ரெண்டு நாள்தாங்க வூடு அமைதியா இருக்கு. இன்னும் நாலு நாளைக்குப் பேசக் கூடாதுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்."